அட்டைக்கத்தியும் ஆகாயத் துப்பாக்கியும்



'அட்டைக்கத்தி' என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாய்ப்பேச்சில் வீரராகவும் செயலில் ஒன்றுக்கும் உதவாதவராகவும் இருப்பவரை 'அட்டைக்கத்தி வீரர்' என்று எள்ளி நகையாடுவது நம் நாட்டு வழக்கம். அவ்வாறு எள்ளப்படும் அட்டைக்கத்திக்காகப் பரிந்து இன்று நான் சில சொற்கள் பேச விரும்புகிறேன். திருவிழாக் காலத்தில் விடிய விடிய நடக்கும் நாடகத்தை எண்ணிப் பாருங்கள். நடிகர் கையிலுள்ள கத்தி அட்டையை வெட்டி, அதன்மேல் வெள்ளித்தாள் ஒட்டியது. நாற்பதடி தொலைவில் மணலில் அமர்ந்து பார்க்கும் உழவர் அதனை மன்னனின் வாளென்றே நம்புகிறார். அது ஓங்கப்படும்போது அவருடைய மூச்சு நிற்கிறது. அரையணா விலை பெறாத அட்டை ஒருவரை அவ்வளவு நேரம் நம்ப வைக்கிறதென்றால், அதைச் செய்த கையில் ஏதோ ஒரு கல்வி இருந்திருக்க வேண்டும் அன்றோ? அக்கல்வி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அட்டைக்கத்தியின் பேரனாக நம் காலத்தில் ஒன்று பிறந்திருக்கிறது. அதுதான் விண்வெளிக் கதைப் படங்களில் வரும் ஆகாயத் துப்பாக்கி. குண்டுக்குப் பதிலாக ஒளிக்கதிரை உமிழும் கற்பனை ஆயுதம் அது. இக்கற்பனை முற்றிலும் புதியதன்று. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே, செவ்வாய்க் கிரகத்தார் வெப்பக்கதிர் வீசி ஊர்களை எரிப்பதாக எழுதியிருக்கிறார். லேசர் என்னும் ஒழுங்குபட்ட ஒளிக்கற்றையை மெய்யாகவே ஒருவர் உண்டாக்கிக் காட்டியதோ 1960இல்தான். அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் அதனைச் செய்தார். கதை முன்னே செல்ல, விஞ்ஞானம் அறுபது ஆண்டுகள் கழித்துப் பின்னே வந்தது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் அக்கதிர் ஓர் எரிகோல்போல் பறந்து செல்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. அது பறந்து போவதைக் கண்ணால் தொடர முடியாது. காற்றும் தூசியும் இல்லாத வெளியில் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அக்கதிர் தெரியவே தெரியாது, ஓசையும் கேளாது. ஆயினும் திரையில் ஓசை கேட்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' என்னும் புகழ்பெற்ற படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட் என்பவர் அந்த ஓசையை எங்கிருந்து பெற்றார் என்பது வானொலி கேட்கும் உங்களுக்குச் சுவையாக இருக்கும். வானொலிக் கோபுரம் சாயாமலிருக்க நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றைச் சுத்தியலால் தட்டி, அந்த அதிர்வைப் பதிவு செய்துகொண்டார். உலகெங்கும் குழந்தைகள் வாயால் ஒலித்து விளையாடும் ஆகாயத் துப்பாக்கியின் ஓசை, ஒரு வானொலிக் கோபுரத்தின் ஓசையே!

அந்தப் படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் வெளியாயிற்று. அதற்கு முன்வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் எல்லாப் பொருளும் அன்று காலையில் கடையிலிருந்து வாங்கி வந்தவைபோலப் பளபளக்கும். படத்தின் இயக்குநரான ஜார்ஜ் லூகாஸ் அதனை விரும்பவில்லை. பலர் பலகாலம் புழங்கிய உலகமாக அது தோன்ற வேண்டுமென்றார். கப்பலில் எண்ணெய்க் கறை வேண்டும். இயந்திர மனிதன் உடம்பில் புழுதி வேண்டும். துப்பாக்கியில் தேய்மானம் வேண்டும். ஆனால் படத்துக்கெனக் கையிலிருந்த பணமோ குறைவு. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பேற்ற ரோஜர் கிறிஸ்டியன் என்பவர் பழைய பொருள்கள் விற்கும் கடைகளை நாடிச் சென்றார். நம் ஊர் வழக்கில் சொன்னால் காயலான் கடைக்குப் போனார்.

அங்கே கிடைத்தவை யாவை? ஜெர்மனியில் 1896ஆம் ஆண்டு தோன்றிய மௌசர் கைத்துப்பாக்கியின் மேல் ஒரு தொலைநோக்கியையும், முனையில் வேறொரு இயந்திரத் துப்பாக்கியின் உறுப்பையும் பொருத்தினார்கள். கதாநாயகர்களில் ஒருவருடைய ஆகாயத் துப்பாக்கி அதுவே ஆயிற்று. பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய பிளாஷ் விளக்கின் கைப்பிடி, ஒளிவாளின் பிடியாக மாறிற்று. வெள்ளைக் கவசம் பூண்ட வீரர்கள் ஏந்தும் ஆயுதமோ, 1953இல் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்ட ஸ்டெர்லிங் என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கி. அதன் குழலைச் சுற்றிச் சாதாரணப் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி, மேலே ஒரு பழைய தொலைநோக்கியை வைத்து, பக்கத்தில் எண்ணிக்கை காட்டும் கருவி ஒன்றையும் இணைத்தார்கள். நமக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. இதே ஸ்டெர்லிங் துப்பாக்கி இந்தியாவிலும் உரிமம் பெற்றுக் கான்பூரிலுள்ள சர்க்கார் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நம் படையினரும் காவலரும் நெடுங்காலம் அதனைத் தோளில் சுமந்திருக்கிறார்கள். நம் ஊர்க் காவலர் தோளில் தொங்கியதும், திரையில் அண்டவெளி வீரன் கையில் மின்னியதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

முன்சொன்ன மௌசர் ஆகாயத் துப்பாக்கி ஒன்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஏலத்தில் 10 இலட்சம் டாலருக்கும் மேலான விலைக்குப் போயிற்று. திரைப்படத்துக்கான ஒரு துப்பாக்கிக்கு, சுடத் தெரிந்த நூறு துப்பாக்கிகளின் விலையை விடக் கூடுதலாகக் கொடுக்க மனிதர் முன்வந்தனர். அவர்கள் வாங்கியது இரும்பையன்று. தம் இளமைக் காலத்துக் கனவொன்றின் சான்றை.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கி இருக்கவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கப் படக்குழுவினருடன் சேர்ந்து எடுத்து 1952இல் வெளிவந்த 'காடு' என்னும் படத்தில், பனியுகத்தில் வாழ்ந்து அழிந்த மயிர்யானைகள் வருகின்றன. அவை நம் நாட்டு யானைகளே. மேலே மயிர்ப் போர்வை அணிந்தவை. 1963இல் வெளியான 'கலை அரசி' படத்திலோ, வேற்றுக் கிரகத்தார் பறக்கும் கலத்தில் வந்து இசையில் வல்ல ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறார்கள். எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த அப்படம் மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கொட்டகைகளில் அண்டவெளியைக் காட்டிவிட்டது. கணிப்பொறி வரைந்து தரும் வசதி அன்று இல்லை. அவ்வுலகிலிருந்த ஒவ்வொரு பொருளையும் தச்சரும் வண்ணக்காரரும் தம் கையால் செய்தார்கள்.

இனி நம் திண்டுக்கல்லுக்கு வருவோம். மலைக்கோட்டை மதுரை நாயக்கர் காலத்தில், 1605ஆம் ஆண்டளவில் எழுந்தது. 1755இல் மைசூர் அரசின் சார்பாக இவ்வூர்ப் பொறுப்பை ஏற்று வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் இங்கே ஓர் ஆயுதச்சாலையை நிறுவினார் என்று வரலாறு கூறுகிறது. மெய்யான பீரங்கிகளும் துப்பாக்கிகளும் இம்மலையடியில் உருவாயின. பிரிட்டிஷார் 1790இல் கோட்டையைக் கைப்பற்றினர். ஆயுதச்சாலை மறைந்தது, ஆனால் இரும்பை அறிந்த கைகள் இவ்வூரை விட்டு மறையவில்லை. பிற்காலத்தில் நாகல் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கொல்லர்கள் தகட்டை வெட்டி, லீவர்களை அடுக்கி, சாவியை அரத்தால் ராவி, மாங்காய்ப் பூட்டு முதலியவற்றைச் செய்தனர். 'திண்டுக்கல் பூட்டு' என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமை வந்து சேர்ந்த அந்நாளில் பட்டறைகள் குறைந்துபோயிருந்தன. அலிகாரிலிருந்து மலிவான இயந்திரப் பூட்டுகள் வந்து சந்தையை நிறைத்துவிட்டன. கைப்பூட்டுச் செய்வோர் தம் பிள்ளைகளை அரம் பிடிக்க விடுவதில்லை. அவர்கள் முடிவை நாம் குறை கூறல் ஆகாது. பசியறிந்தவர் எடுத்த முடிவு அது. ஆயினும், அக்கைகளோடு மறைந்து போகும் அறிவு யாது என்பதையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அதனைத் தெரிவித்தவன் ஒரு மாணவன்.

நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்றில், ஆண்டு விழாவுக்காக மாணவர்கள் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார்கள். அதில் ஓர் ஆகாயத் துப்பாக்கி தேவைப்பட்டது. தச்சு வேலை தெரிந்த மாணவர் இருவர் வேப்பம் பலகையில் பிடியை அறுத்தனர். குழலுக்கு வீடுகளில் நீர் செல்லும் பிளாஸ்டிக் குழாய். தொலைநோக்கிக்கு உடைந்த டார்ச் விளக்கின் உடல். பக்க உறுப்புகளுக்குப் பேனா மூடியும், வானொலிப் பெட்டியின் பழைய திருகும். இடைவெளிகளைப் பட்டியிட்டு அடைத்தார்கள். பட்டி உலர்ந்தபின் முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் தேய்த்தார்கள். அடிப்பூச்சுப் பூசி, அதன்மேல் கறுப்பு வண்ணம் அடித்தார்கள். குறையொன்றும் இல்லை, அளவு சரி, வடிவம் சரி. ஆயினும் மேடையில் விளக்கொளியில் வைத்துப் பார்த்தபோது அது மரமும் குழாயுமாகவே தோன்றிற்று. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் அக்குழுவில் இருந்தான். அவன் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை இதுவரைக்கும் யாருமே பிடிக்கவில்லை" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் தன் வீட்டு வாயிலில் பல ஆண்டுகள் தொங்கிய பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

நாங்கள் எல்லோரும் அப்பூட்டைச் சூழ்ந்து நின்றோம். அவன் ஒவ்வோர் இடமாகக் காட்டினான். சாவித் துளையைச் சுற்றிப் பித்தளை பொன்போல் மின்னுகிறது. நாள்தோறும் விரல் பட்ட இடம் அது. துளைக்குக் கீழே வில்போல் வளைந்த கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சாவியைத் திருகும்போது அதே வளையத்தில் தொங்கும் மற்றச் சாவிகள் உரசிய தடம் அது. வளைகம்பி உடலுக்குள் நுழையும் இடத்தில் மழைநீர் தங்கித் துருப்பிடித்திருக்கிறது. கம்பியின் மேற்புறமோ தேய்ந்து வழவழப்பாயிருக்கிறது. விளிம்புகள் மழுங்கியுள்ளன. எழுத்துப் பொறித்த பள்ளங்களில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்துக் கிடக்கின்றன. பூட்டின் முதுகுப்பக்கம் கதவில் மோதி மோதி ஓரிடத்தில் மட்டும் பள்ளமாகியுள்ளது. "இதைத் திறந்தவர் வலக்கைக்காரர். கதவு தெருவைப் பார்த்தது. சாவிக் கொத்தில் நாலைந்து சாவி இருந்திருக்கும்" என்று அவன் சொல்லச் சொல்ல, ஒரு வீட்டின் வாழ்க்கையே அத்தகட்டில் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அவன் தந்தையார் பழுது பார்க்க வரும் பூட்டுகளை அவ்வாறே படிப்பாராம். நான் பயிற்சிக் கல்லூரியில் உற்றுநோக்கல் என்பது பற்றிப் பாடம் படித்தேன்; பிறருக்கு நடத்தியும் இருக்கிறேன். அப்பாடத்தின் முழுப் பொருளை அன்று அம்மாணவனின் விரல் நுனியில் கண்டேன்.

அதன்பின் எங்கள் வேலை முறை மாறிற்று. வண்ணத்தைத் தொடுமுன், அந்தத் துப்பாக்கியின் வரலாற்றை ஒரு தாளில் எழுதும்படி மாணவர்களிடம் கூறினேன். இதன் சொந்தக்காரன் யார்? எந்தக் கையால் பிடிப்பவன்? இடுப்பில் தோலுறையில் வைப்பவனா, தோளில் மாட்டுபவனா? அவன் வாழ்வது மணல் வெளியிலா, மழை மிகுந்த காட்டிலா? எத்தனை ஆண்டுகளாக இது அவனிடம் இருக்கிறது? ஒருமுறையாவது கீழே விழுந்ததா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால், எங்கே தேய வேண்டும், எங்கே துருப்பிடிக்க வேண்டும், எங்கே புதிதாகவே இருக்க வேண்டும் என்பது தானே புலப்படும். தோலுறையில் வைப்பவனுடைய ஆயுதத்தில் முனையும் பக்கமேடுகளும் தேயும். கைப்பிடியின் அடிப்பாகத்தில் புழுதி படியும். தோளில் மாட்டுபவனுடையதில் வார் கோக்கும் வளையத்தின் அருகே கீறல் விழும்.

செய்முறையும் கடினமன்று. முதலில் முழுவதும் வெள்ளி வண்ணம் பூசி ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும். தேயவேண்டிய விளிம்புகளில் மட்டும் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்க்க வேண்டும். அதன்மேல் கறுப்பு வண்ணம். அது உலர்ந்தபின், மெழுகு தடவிய இடங்களைத் துணியாலும் நகத்தாலும் சுரண்டினால் கறுப்பு உதிர்ந்து அடியிலுள்ள வெள்ளி தலைகாட்டும். மெழுகுக்குப் பதிலாகக் கல்லுப்பை ஈரத்தில் ஒட்டவைத்து, வண்ணம் உலர்ந்தபின் உதிர்த்துவிடுவதும் உண்டு. அது சிறு சிறு திட்டுகளாகப் பெயர்ந்தாற்போலத் தோன்றும். பின்னர், கறுப்பும் பழுப்பும் கலந்த வண்ணத்தை நீர்க்கக் கரைத்து எங்கும் தடவி உடனே துடைத்துவிட வேண்டும். மேடுகளில் நில்லாமல் பள்ளங்களில் மட்டும் அது தங்கும். பென்சில் கரியைப் பொடித்து விரலால் விளிம்புகளில் தேய்த்தால் இரும்பின் மினுமினுப்பு வந்துவிடும். கடைசியாகச் சலித்த செம்மண் சிறிது. உப்புத்தாள் தேய்க்கும்போதும் வண்ணம் தெளிக்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு: போதுமென்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். கறிக்கு உப்புப் போலத்தான் பழமையும். எங்கும் கீறலாயிருந்தால் எந்தக் கீறலும் பேசாது.

இதிலே விஞ்ஞானமும் அடங்கியிருப்பதைக் காணுங்கள். மெய்த் துப்பாக்கியின் கருநிறம் பெரும்பாலும் வண்ணப் பூச்சு அன்று. இரும்பின்மேல் ரசாயன முறையில் உண்டாக்கிய மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் அது. காந்தக்கல்லும் அதே பொருள்தான். அப்படலம் உரசலால் முதலில் போவது விளிம்புகளில். ஆகவேதான் பழைய துப்பாக்கியின் விளிம்பு வெளுத்துத் தோன்றுகிறது. துருவோ வேறு வகை ஆக்ஸைடு. அது பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் விரைந்து பிடிக்கும். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் சில மாதங்களில் துருவேறும் இரும்பு, மலைகளால் மழை மறைக்கப்பட்ட நம் திண்டுக்கல் சமவெளியில் பல நாள் தாங்கும். ஆகவே பாலைவனத்தில் வாழ்பவன் ஆயுதத்தில் துருவை அப்பி வைப்பது விஞ்ஞானத்துக்கு முரண். அங்கே மணல் உராய்ந்த தேய்வும் வெளிறிய புழுதியும்தான் பொருந்தும். எந்த மண்ணைத் தூவுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்டார் வார்ஸ் படத்தின் பாலைவனக் காட்சிகள் பல டூனிஸியா நாட்டில் எடுக்கப்பட்டவை; அந்த மணல் வெளிர்மஞ்சள். நம் செம்மண்ணைத் தூவினால் வேறு கிரகமாகிவிடும்! எங்கள் நாடகத்துக்கு அது நன்மையாயிற்று; செவ்வாய் சிவந்த கிரகம் அன்றோ?

இங்கே ஒரு வினா எழலாம். புதியதைப் பழையதாகக் காட்டுவது பொய்யாகாதா? இவ்வினாவை ஒதுக்கிவிடக் கூடாது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் சோழர் காலத்து நடராசர் திருமேனி ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அதனைச் செப்பனிடக் கொடுத்தபோது, அதைப் போன்ற வேறொன்று வார்க்கப்பட்டுக் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. உண்மைத் திருமேனியோ கைமாறிக் கைமாறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது 1986ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் அந்தப் போலியின் முன் உருகி நின்றிருப்பார்கள்! வார்த்தவரின் கைத்திறனில் குறையொன்றுமில்லை. அக்கைத்திறனைப் பயன்படுத்திக்கொண்ட நோக்கத்தில்தான் நஞ்சு இருந்தது. நாடகம் பார்க்க வருபவர் தாம் நாடகம் பார்க்கிறோம் என்பதை அறிந்தே வருகிறார். அவர் சம்மதித்து ஏமாறுகிறார். சந்தையில் வாங்குபவரும் கோயிலில் வணங்குபவரும் அவ்வாறு சம்மதம் தரவில்லை. பிரதிக்கும் போலிக்கும் நடுவே ஓடும் கோடு அச்சம்மதம் ஒன்றே. ஆகவே நான் மாணவர்களுக்கு ஒரு கட்டளை இட்டேன். பிடியின் அடியில், கூத்து முடிந்து கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் படும்படி, செய்தவர் பெயரையும் செய்த ஆண்டையும் 'நாடகப் பொருள்' என்னும் சொல்லையும் பொறிக்க வேண்டும். பழமையை எவ்வளவு திறமையாகப் பூசினாலும் அந்த ஒரு வரியை மட்டும் மறைக்கக் கூடாது.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிபோல் தோன்றும் பொருள் துப்பாக்கியின் அச்சத்தையும் உடன் கொண்டுவரும். மேடையில் அது கலை. கடைத்தெருவில் அது கலவரம். எதிரே வரும் காவலருக்கு அது மரமா இரும்பா என்று சோதித்துப் பார்க்க நேரமிராது. விமானத்தில் பயணிகள் தம்முடன் பொம்மைத் துப்பாக்கியைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லாததும் இதனாலேயே. எனவே செய்த பொருளைப் பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். பொது இடத்தில் வெளியே எடுக்காதீர்கள். யாரை நோக்கியும் விளையாட்டாகக்கூட நீட்டாதீர்கள். முனையில் பளிச்சென்ற செம்மஞ்சள் வண்ணம் பூசி வைப்பதும் நல்லது. மெய்த் துப்பாக்கியை நாடகப் பொருளாக்கும் எண்ணம் கனவிலும் வேண்டா. 1993இல் அமெரிக்காவில் படப்பிடிப்பின்போது பிராண்டன் லீ என்னும் இளம் நடிகர், நடிப்புக்கென வைத்திருந்த துப்பாக்கியாலேயே உயிரிழந்தார். 2021இல் ஹலினா ஹட்சின்ஸ் என்னும் ஒளிப்பதிவாளருக்கும் அக்கதியே நேர்ந்தது. போலித் தோட்டா மட்டுமே இருக்கவேண்டிய துப்பாக்கியில் மெய்யான தோட்டா இருந்தது. மரத்தாலும் குழாயாலும் செய்த ஆயுதத்துக்கு ஓர் உயர்ந்த குணம் உண்டு: எவ்வளவு கவனக் குறைவாக இருந்தாலும் அது தோட்டாவை உமிழாது. அட்டைக்கத்தியை எள்ளுபவர்கள் இந்தக் குணத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறிகள் வந்துவிட்டன. கணிப்பொறியில் வரைபடத்தைக் கொடுத்தால் ஆகாயத் துப்பாக்கியின் உடலை அது இரவோடு இரவாக அச்சிட்டுத் தந்துவிடும். அதனை நான் வெறுப்பவனல்லேன். நல்ல கருவி எதுவும் நல்லதே. ஆனால் அது தருவது, அம்மாணவன் சொன்னதுபோல், 'யாரும் பிடிக்காத' பொருளையே. அதன்மேல் ஒரு மனிதனின் கையை ஏற்றுவதற்கு, மனிதர் கையால் தேய்ந்த பொருள்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். அக்கண்ணை எந்தப் பொறியும் அச்சிட்டுத் தராது. காந்தியடிகள் 1937இல் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின்முன் வைத்தபோது, கைத்தொழிலின் வாயிலாகவே கணக்கும் விஞ்ஞானமும் வரலாறும் கற்பிக்க வேண்டுமென்றார். நம் ஊருக்கு அருகில் 1947இல் தோன்றிய காந்திகிராமம் அக்கருத்தை அடிப்படையாகக் கொண்டே வளர்ந்தது. ஓர் ஆகாயத் துப்பாக்கியை ஒழுங்காகச் செய்து முடிக்கும் மாணவன் அளவையும், ரசாயனத்தையும், புவியியலையும், மனித இயல்பையும், இவற்றுக்கு மேலாக நேர்மையையும் சேர்த்தே கற்றுவிடுகிறான். ஆதாரக் கல்வி என்பது அதுவே என்று நான் கருதுகிறேன்.

எனவே, மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். துப்பாக்கிதான் செய்ய வேண்டும் என்பதில்லை. விண்வெளி வீரனின் விளக்காக இருக்கட்டும், பாண்டியன் காலத்துச் சிலம்பாக இருக்கட்டும், உங்கள் பள்ளி நாடகத்துக்கு வேண்டிய ஏதேனும் ஒரு பொருளைக் கையால் செய்யுங்கள். செய்யத் தொடங்குமுன், உங்கள் வீட்டில் நெடுநாள் புழங்கிய ஒரு பொருளை, அம்மியையோ அரிவாள்மனையின் பிடியையோ தாத்தாவின் சைக்கிள் மணியையோ, எடுத்து அரைமணி நேரம் உற்றுப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர் யாரேனும் உங்கள் தெருவில் எஞ்சியிருந்தால், அவரிடம் சென்று பணிவுடன் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். அவரிடம் அதனைக் கேட்க ஆள் வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.